தொட்டியில் நட்ட கரணை

சுடர், அன்பு,

அன்றைக்குக் கிருத்திகை. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஆந்திராவிலிருந்து வந்த லாரியிலிருந்து நான் குரோட்டன்ஸ் பைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். நர்சரியின் பின்பக்கம், நம் அறை இருந்த இடத்திலிருந்து, 'சரக்... சரக்...' என்று ஒரு சத்தம் வந்தது. உங்கள் அம்மா கீரைத்தண்டு நறுக்குகிறாள் என்று நினைத்தேன். ஆனால் கீரை நறுக்கும்போது சத்தம் இப்படி நிதானமாக வராது. இது அளந்து அளந்து வெட்டுகிற சத்தம்.

போய்ப் பார்த்தேன்.

உங்கள் தாத்தா தரையில் குந்தியிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். மயிலம் முருகன் கோயில் விபூதி நெற்றியில் அப்படியே இருந்தது. கையில் கொடுவாள். எதிரே ஈரச் சாக்கு விரித்து, அதன் மேல் பச்சைத் துண்டுகளை ஒரே அளவாக அடுக்கிவைத்திருந்தார்.

நம் வாசலில் இடுப்புயரம் நின்றிருந்த செடியைக் காணோம். சிமெண்ட் தொட்டியில் அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன.

கதவோரம் அம்மா நின்றிருந்தாள். இடுப்பில் நீ, சுடர். அன்பு அப்போது பிறக்கவே இல்லை. உனக்கு அப்போது பல் முளைக்கிற வயசு. அம்மாவின் தாலிக்கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

"அப்பா, இன்னாப்பா பண்ணிட்டீங்க?"

"இன்னா பண்ணிட்டேன்? கரணை போட்றேன்" என்றார் தாத்தா, தலையைத் தூக்காமல்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா கண்ணாலேயே என்னை நிறுத்தினாள்.

அவள் ஏன் நிறுத்தினாள் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால், முதலில் அந்தச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்புறம் தாத்தாவைப் பற்றி.

இலையில்லாத செடி

அந்தச் செடிக்கு இலையே கிடையாது. பென்சில் கனத்தில், கரும்பச்சை நிறத்தில் தண்டு தண்டாக நேராக நிற்கும். தண்டில் கணுக்கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் கறுப்பாக ஒரு கோடு, மையால் இழுத்துவிட்ட மாதிரி. பூ பூக்காது. சில தண்டுகளின் உச்சியில் மட்டும் தீக்குச்சி மருந்து போல ஒரு சின்னக் கொண்டை வரும். வருஷம் முழுக்கப் பச்சை மாறாது.

நர்சரியில் அதற்கு ஆளுக்கு ஒரு பெயர். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் ஹார்ஸ்டெயில் என்பார்கள். ஆந்திரா டிரைவர் வேறு ஏதோ சொல்வார். முதலாளி பாய் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'அந்த குச்சி' என்பார். "ஏழுமலை, அந்த குச்சிய எட்ரா, ஜல்தி, பார்ட்டி வெயிட் பண்ணிக்கினு இருக்கு!"

பாண்டிச்சேரிப் பக்கம் ஓட்டல் கட்டுகிறவர்களும், திண்டிவனத்தில் புதுசாகக் கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களும் அதை விரும்பி வாங்குவார்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நீளத் தொட்டியில் வரிசையாக வைத்தால் அத்தனை அழகு.

தொட்டுப் பார்த்தால் வழவழப்பாக இருக்காது. மெல்லிய உப்புத்தாளைத் தொடுகிற மாதிரி சொரசொரக்கும். கணுவைப் பிடித்து இழுத்தால் 'டப்' என்று கழன்று வரும். உள்ளே ஒன்றும் இருக்காது, காலிக் குழாய். கழன்றதைத் திரும்பச் செருகினால் பழையபடி நிற்கும், உயிர் மட்டும் இருக்காது. தவழப் பழகியதும் நீ அந்த வேலையை நிறையச் செய்தாய், சுடர். 'டப்' என்ற சத்தத்துக்காகவே தவழ்ந்து போய்ப் பிடுங்குவாய்.

வளர்ப்பு சுலபம்தான். அதற்குக் காலடியில் ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மற்ற செடிகளுக்குத் தொட்டியில் ஓட்டை போடுவோம், இதற்கு அடைப்போம். களிமண்ணும் ஆற்று மணலும் கலந்து போட்டு, மேலே ஒரு விரல் தண்ணீர் நிற்கவிட்டால் போதும். கொசு முட்டை வைக்காமல் அடிக்கடி தண்ணீரை மாற்ற வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பாதி நிழல் வேண்டும். தரையில் மட்டும் நடவே கூடாது. வேர் மண்ணுக்கடியில் ஓடி, நாம் நினைக்காத இடத்தில் எல்லாம் தலை நீட்டும். ஆடு மாடு மேயாத இடமாகவும் பார்த்து வைக்க வேண்டும், தின்றால் அவற்றுக்கு ஆகாது.

இன்னொன்று. இதன் நுனியை வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து துளிர்க்காது. மல்லிகையை, சாமந்தியைக் கிள்ளிவிடுகிற மாதிரி இதைக் கிள்ளக் கூடாது. பழுத்த தண்டை அடியோடு அறுத்துவிட்டால், புதுசு மண்ணுக்குள்ளிருந்துதான் வரும்.

நம் வாசலில் இருந்தது, லாரியில் அடிபட்டு நசுங்கி வந்த ஒரு தொட்டிச்செடி. விற்காது என்று பாய் எனக்குக் கொடுத்துவிட்டார். மூலை உடைந்த சிமெண்ட் தொட்டி ஒன்றைப் பூசி அதில் வைத்தேன். அடுத்த மழைக்குள் தொட்டியே தெரியாமல் நிறைந்துவிட்டது.

உங்கள் அம்மா ஒரு நாள் அதன் முன்னால் உட்கார்ந்து, கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாக்கற?"

"இங்க வந்து குந்தி பாருங்க. எங்கப்பா கழனி மாதிரியே இருக்குது."

நானும் குந்திப் பார்த்தேன். ஆமாம். தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தால் கரும்புத் தோட்டம்தான், ஒரு எறும்பு நின்று பார்க்கிற கரும்புத் தோட்டம்.

எதிர்ப்பக்கத்து டீக்கடை

அம்மாவின் ஊர் காணை பக்கம். தாத்தாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம், பெரும்பாலும் கரும்பு, மீதியில் நெல்லும் வேர்க்கடலையும். அம்மாவைப் பெற்ற உங்கள் பாட்டி, அம்மா பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே இறந்துபோனாள். அதற்குப் பிறகு தாத்தாதான் சோறாக்கினார், தலை பின்னிவிட்டார். அவர் பின்னும் ஜடை கரும்புக்கட்டு மாதிரி இறுக்கமாக இருக்கும், கண்ணே மேலே இழுத்துக்கொள்ளும் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

விழுப்புரத்தில் அம்மா தையல் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் தெருமுனையில் ஒரு சின்ன நர்சரியில் நான் வேலை பார்த்தேன். அவள் ரோஜாச்செடி வாங்க வந்தாள். அந்தச் செடி பட்டுப்போனது என்று திரும்ப வந்தாள். வேறு கொடுத்தேன். அதுவும் பட்டுப்போனது என்று வந்தாள். கரும்புக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு ரோஜாச்செடி வளர்க்கத் தெரியாதா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவ்வளவுதான் சொல்வேன், மீதியை அம்மாவிடம் கேளுங்கள்.

அவள் ஊர்த்தெருவில் பிறந்தவள். நான் காலனியில் பிறந்தவன். சுடருக்கு இது புரிகிற வயசு. அன்பு, உனக்கு இன்னும் கொஞ்ச நாளில் புரியும். புரிய வேண்டிய அவசியமே இல்லாதபடி காலம் மாறிவிட்டால் நான் சந்தோஷப்படுவேன்.

நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது தாத்தா எங்களை அடிக்க ஆள் அனுப்பவில்லை, போலீசுக்குப் போகவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். அது போதும், பிள்ளைகளே. அடி என்றால் வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம். பேசாமல் இருப்பதை என்ன செய்வது?

பொங்கலுக்குப் பொங்கல் அம்மா போன் போடுவாள். அவர் எடுப்பார், ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும், மாட்டுக் கழுத்து மணி கேட்கும். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்புறம் அவளே வைத்துவிடுவாள். "மோட்டாரு நல்லா ஓடுதுங்க" என்பாள் என்னிடம்.

சுடர் பிறந்த சமயத்தில்தான் நான் கூட்டேரிப்பட்டில் பாயின் நர்சரிக்கு வேலைக்கு வந்தேன். ஹைவே ஓரம். பின்னால் ஷீட் போட்ட அறையில் குடியிருந்துகொள்ளச் சொன்னார்.

விழுப்புரத்திலிருந்து மயிலம் கோயிலுக்குப் போகிறவர்கள் கூட்டேரிப்பட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். தாத்தா ஒரு கிருத்திகை விடாமல் மயிலத்துக்குப் போகிறவர். இது எனக்கு நினைவிலேயே இல்லை. அம்மாவுக்கு இருந்திருக்கிறது. இங்கே வேலைக்கு வரலாமா என்று நான் கேட்டபோது, யோசிக்காமல் சரி என்றவள் அவள்.

கிருத்திகை தோறும் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் ஒரு வெள்ளை வேட்டி நிற்கும். ஒரு டீயை வெகுநேரம் குடிக்கும். நர்சரியின் பச்சை நிழல்வலையையும், அதன் இடைவெளியில் தெரிகிற எங்கள் வாசலையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்டோ வந்தால் ஏறிப் போய்விடும். அம்மா உன்னைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, வாசலில் தொட்டி பக்கத்தில் பாய் விரித்து உட்காரவைப்பாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீ. நடுவில் சென்னைக்கும் திருச்சிக்கும் பறக்கிற வண்டிகள்.

கஸ்டமர்

ஒரு கிருத்திகைக்கு அவர் ரோட்டைக் கடந்து வந்துவிட்டார்.

"வாங்க" என்றேன். 'மாமா' என்பது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்த தொட்டியைக் கையால் காட்டினார்.

"ஏம்பா, அது இன்னா செடி?"

"அழகுக்கு வைக்கறதுங்க."

"கரும்பாட்டம் இருக்குது. கரும்பா?"

"இல்லீங்க. நாணல் மாதிரி ஒரு ஜாதிங்க."

"இன்னா வெல?"

வீட்டுச் செடிக்கு என்ன விலை சொல்வது? கல்லாவிலிருந்து பாய் எழுந்து வந்து, யாரோ எவரோ என்று நினைத்து, "அது சேல்ஸ்க்கு இல்ல பெரியவரே, அந்தப் பொண்ணு வச்சிக்கினு இருக்குது. வேற காட்றேன், வாங்க" என்றார்.

"எனக்கு அதான் வேணும்" என்றார் தாத்தா.

அதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள். அப்பாவைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். 'வாங்கப்பா' என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கூப்பிடவில்லை. கஸ்டமரிடம் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"ஒண்ணுதான் இருக்குது. செவுரு ஓரமா நீட்டா வச்சா நல்லாருக்கும்னு பாக்கறேன். பெருகணும்."

"பெருகும்" என்றார் தாத்தா. தண்டை ஒரு விரலால் நீவிப் பார்த்தார். கணுவை அழுத்திப் பார்த்தார். பக்கத்தில் தவழ்ந்து வந்த உன்னை ஒரு பார்வை பார்த்தார், சுடர். அப்புறம் வேகமாக நடந்து போய் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

பாய்க்கு விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரே ஏழுமலை! மாமனாரு கஸ்டமரா வந்துக்கினு இருக்காரு, நீ 'இல்லீங்க, ஆமாங்க'ன்னு வியாபாரம் பண்ணிக்கினு இருக்கே. நல்ல குடும்பம்பா இது!"

சிரித்துவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கரணை

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

அடுத்த கிருத்திகைக்கு அவர் கோயில் பைக்குள் கொடுவாளைப் போட்டு எடுத்து வந்திருக்கிறார். அர்ச்சனைத் தேங்காயோடு அதுவும் மலையேறி இறங்கியிருக்கிறது. மகள் பெருகணும் என்று சொன்னாளே, பெருக்கிக் கொடுக்க வந்திருக்கிறார்.

கரும்பை விதை போட்டு நட மாட்டார்கள். தண்டையே கணு வைத்துத் துண்டு போடுவார்கள். அதுதான் கரணை. பள்ளத்தில் தண்ணீர் விட்டு, கரணையைப் படுக்கவைத்து, காலால் சேற்றில் அழுத்திவிடுவார்கள். கணுவில் இருக்கிற பரு முளைத்து மேலே வரும். தாத்தா ஆயுசு முழுக்கச் செய்த வேலை அது. கணுவும் கோடுமாக ஒரு செடியைப் பார்த்ததும் அவர் கைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

இந்தச் செடியின் தண்டும் சில இடங்களில், குளிர்ச்சியான மண்ணில், கணுவில் வேர் விடும் என்று பிற்பாடு ஒருவர் சொல்லக் கேட்டேன். நம் வெயிலில், களிமண்ணில் புதைத்தால் அழுகத்தான் செய்யும். எனக்கு அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

ஆனால் யார் சொல்வது? பேசாமலே இருந்த மனிதர் வந்து நம் வாசலில் குந்தி, நமக்காகக் கையில் சேறு பூசிக்கொண்டிருக்கிறார்.

"தொட்டி ஒண்ணு குடுப்பா, நீட்டு தொட்டியா" என்றார் என்னிடம்.

கொண்டுவந்தேன். மண் கொட்டினேன். தண்ணீர் ஊற்றினேன். அவர் கரணைகளை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். காலால் மிதிக்கத் தொட்டியில் இடம் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"அந்தக் கட்டைய அப்பிடியே வுட்டுடு. அதுவும் தழைக்கும்" என்று பழைய தொட்டியைக் காட்டினார். "அடுத்த கிருத்திகைக்குள்ள இதுல பரு வெடிச்சிடும். அப்பறம் பாரு, செவுரு முழுக்க நிக்கும்."

"சரிப்பா" என்றாள் அம்மா.

அவர் கை கழுவ நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். கைகழுவிவிட்டுக் கிளம்பினார். வாசற்படியில் கால் வைக்கவே இல்லை.

அவர் போனதும் நான் அம்மாவிடம், "எல்லாத்தையும் வெட்டிட்டாரே அரசி. வுட்டுட்டியே" என்றேன்.

"செடி போனா போவுது. அடுத்த கிருத்திகைக்கு வர்றேன்னு சொன்னாரு, கேட்டீங்களா?"

அவர் அப்படிச் சொல்லவில்லை. பரு வெடிச்சிடும் என்றுதான் சொன்னார். அம்மாவுக்கு அது அப்படிக் கேட்டிருக்கிறது.

காலிக் குழாய்

அடுத்த கிருத்திகைக்கு வந்தார். தொட்டியில் ஒன்றுமில்லை. "மண்ணு புதுசு. நேரமாவும்" என்றார். உனக்குக் கோயில் பஞ்சாமிர்தம் கொண்டுவந்திருந்தார். கையில் கொடுக்காமல் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த கிருத்திகைக்கும் வந்தார். மண்ணைக் கிளறி ஒரு கரணையை எடுத்தார். கறுத்து, ஊறி, விரல் பட்டதும் நசுங்கியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. உள்ளே காலிக் குழாய், அதில் சேற்றுத் தண்ணீர்.

அந்த நேரம் பார்த்து பாய் வந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். "பெரியவரே, நல்லா நின்ன செடிய பொங்கல் கரும்பு மாதிரி வெட்டிப்புட்டு, இப்ப பேஜாரு பண்ணிக்கினு இருக்கியே" என்றார் சிரித்தபடி.

தாத்தா கரணையைத் திரும்ப மண்ணுக்குள் வைத்து மூடினார். மெதுவாக, குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி. எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல போல" என்றார், யாரைப் பார்த்தும் இல்லாமல். போய்விட்டார். எதிர்ப்பக்கம் டீக்கடையில்கூட நிற்கவில்லை.

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "எங்கப்பாவுக்கு எல்லாம் தாங்கும், தோத்துப்போறது தாங்காது. ஒரு வருஷம் பூச்சி வுழுந்து கரும்பு போச்சி. அந்த வருஷம் தெருவுலயே நடக்கல. ஏரிக்கரை வழியா சுத்திக்கினு கழனிக்குப் போவாரு. இனிமே வரமாட்டாருங்க. மயிலத்துக்கு வேற வழி இருந்தா அதுல போயிடுவாரு."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். எனக்கே அது ஒட்டவில்லை.

இதற்குள் பழைய தொட்டி சும்மா இருக்கவில்லை. வெட்டிவிட்ட கட்டைகளுக்கு நடுவிலிருந்து, ஊசி ஊசியாகப் பச்சை நீட்டியிருந்தது. வேர் உள்ளே நன்றாகத்தான் இருந்தது. விட்டுவைக்கச் சொன்ன தாத்தாவால்தான் அது பிழைத்தது. ஆனால் அவருக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை. அவர் பார்த்தது நீளத் தொட்டியை மட்டும்தான்.

ஒரு நாள் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்துக்குத் தொட்டி இறக்கிவிட்டுச் சாயந்திரம் திரும்பினேன். அம்மா உன்னைத் தூங்கவைத்துவிட்டு, பழைய தொட்டிக்கும் புதுத் தொட்டிக்கும் நடுவில் குந்தியிருந்தாள். குழம்பு ஊற்றும் கரண்டியின் காம்பால், புதுசாக வந்த கன்றுகளை வேரோடு நெம்பி எடுத்து, நீளத் தொட்டியில் நட்டுக்கொண்டிருந்தாள். தாத்தா கரணை வைத்த அதே வரிசையில்.

"இது இன்னா வேல அரசி?"

"கண்டுக்காதீங்க."

"அவுரு கண்டுபுடிச்சிடுவாரு."

"வந்தாதான கண்டுபுடிப்பாரு? வரட்டும் மொதல்ல."

நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

சாய்வு

அடுத்த கிருத்திகை. காலையிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து நின்றது. காவடி எடுக்கிறவர்கள் இறங்கினார்கள், மஞ்சள் துணிக்காரர்கள் இறங்கினார்கள். டீக்கடை வாசலில் வெள்ளை வேட்டிகளுக்குக் குறைவில்லை. நம்முடையது மட்டும் இல்லை.

அம்மா அரிசி களைந்தாள், துணி துவைத்தாள். ஒவ்வொரு பஸ் பிரேக் போடும்போதும் துணியைத் தோய்ப்பதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தாள்.

மத்தியானம் சாய்ந்த பிறகு அவர் வந்தார். மயிலம் போய்விட்டுத் திரும்புகிற வழியில், ஊருக்குப் பஸ் ஏறப் போனவர், போகாமல் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். வெட்கத்தோடு வருகிறவர் மாதிரி ஓரமாக நடந்து வந்தார்.

தொட்டியைப் பார்த்தார். வரிசையாகப் பத்திருபது பச்சைக் குச்சிகள். அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா உள்ளே இருந்தாள். வேண்டுமென்றே வெளியே வரவில்லை. பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் தேவைக்கு அதிகமாகக் கேட்டது.

தாத்தா குந்தினார். ஒரு கன்றின் அடியில் விரல் விட்டு மண்ணை லேசாக விலக்கினார். அப்புறம் அடுத்தது. மூன்றாவதைத் தொடவில்லை. வரிசையின் ஒரு கோடியில் போய்க் குந்திக்கொண்டு, முழு வரிசையையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"மொளைச்சி வந்தது நெட்டுக்குத்தா வரும்" என்றார் மெதுவாக. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இது எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிக்கினு இருக்குது."

வரிசையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவரே தொடர்ந்தார்.

"எடது கையால நட்டா இப்பிடித்தான் சாயும். சின்னப் புள்ளையில நாத்து நட எறங்குவா. அவ நட்ட வரிசை மட்டும் தனியா தெரியும், கெழக்கால சாஞ்சிக்கினு. கூட நடுற பொம்பளைங்க கிண்டல் பண்ணுவாங்க. நான்தான் சொல்லுவேன், வுடுங்க, தண்ணி கட்டுனா நிமிந்துக்கும்னு."

உங்கள் அம்மா இடது கைக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். பரிமாறும்போது மட்டும் வலது கைக்கு மாற்றிக்கொள்வாள். கன்று நட்ட அன்றைக்குக் கரண்டிக் காம்பைப் பிடித்திருந்ததும் இடது கையால்தான் இருக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தேன், கவனிக்கவில்லை. அவர் சாய்ந்த குச்சிகளைப் பார்த்தே மகள் கையைக் கண்டுபிடித்துவிட்டார்.

விலக்கிய மண்ணைத் திரும்ப அணைத்து அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டு மட்டும் லேசாக ஆடியது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அரசி!"

பாத்திரச் சத்தம் நின்றது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மா வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாப்பா?"

"தோ பாரு. மொளைச்சிடுச்சி."

"ஆமாப்பா" என்றாள் அம்மா. "மொளைச்சிடுச்சி."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாயைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன். தூரத்திலிருந்து பார்த்தபோது, நீ தவழ்ந்து போய் ஒரு குச்சியைப் பிடுங்கப் போனாய். தாத்தா உன் கையைப் பிடித்து நிறுத்தினார். நிறுத்திய கையை விடவில்லை.

அன்றைக்கும் அவர் வாசற்படி ஏறவில்லை. "பஸ்ஸு போயிடும்" என்று கிளம்பிவிட்டார்.

ஒரு புதன்கிழமை

அதற்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் நான் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே அடுப்படியில் இருந்தாள். கோயிலுக்குப் போகிற கூட்டம் ஏதும் இல்லாத, வண்டிகள் மட்டும் ஓடுகிற ஒரு புதன்கிழமை.

தாத்தா நின்றிருந்தார். நெற்றியில் விபூதி இல்லை. வெள்ளை வேட்டிகூட இல்லை. கழனிக்குக் கட்டுகிற, கறை பிடித்த வேட்டி. கையில் கோயில் பை இல்லை. ஒரு மூட்டையில் பச்சை மல்லாட்டைக் கடலை, மண்ணோடு. அன்றைக்குக் காலையில்தான் பிடுங்கியிருக்க வேண்டும்.

தொட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதைத் தாண்டி நேராக வந்தார்.

நான் எழுந்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா" என்றேன். இந்தத் தடவை தொண்டையில் நிற்கவில்லை.

"உம்" என்றார். மூட்டையை என் கையில் கொடுத்தார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் பயம்தான் வந்தது. ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

"இன்னாப்பா? இன்னிக்கி கிருத்திகை இல்லியே?"

"தெரியும்" என்றார் தாத்தா.

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். குனிந்து, ஷீட்டில் தலை இடிக்காமல் உள்ளே போனார். சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கேப்பங்கூழு இருந்தா ஊத்து. பசிக்குது."